நாற்காலிப் பயிர்

என் மாமனார் வீட்டில் யாரும் புகையிலையைத் தொடுவதில்லை. வாயில் போடுவதில்லை, மூக்கில் ஏற்றுவதில்லை, பற்றவைப்பதுமில்லை. பக்கத்து அறையில் யாராவது கம்பெனி மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தாலே மாமனாருக்குத் தும்மல் பிய்த்துக்கொண்டு வரும். ஆனால் மேடை ஏறினால், "புகையிலை எங்கள் ரத்தத்தில் ஓடுகிறது" என்று ஆரம்பிப்பார். அப்படி ஓடியிருந்தால் மனுஷன் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார்.

நான் அந்த வீட்டோடு மாப்பிள்ளை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தவன். கல்யாணம் ஆன கையோடு அந்த வேலையை விடச் சொல்லிவிட்டு, கம்பெனியின் சரித்திரத்தை எழுத உட்காரவைத்தார்கள். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, கதவில் 'வரலாற்றுப் பிரிவு' என்று பித்தளைப் பலகை. பிரிவில் நான் ஒருத்தன்தான். நூற்றாண்டு விழாவுக்குள் புத்தகம் வந்தாக வேண்டும் என்பது உத்தரவு. எழுதி முடித்த ஒவ்வொரு அத்தியாயத்தையும் மாமனார் வாங்கித் திருத்துவார். 'நிறுவனர் காலில் செருப்பில்லாமல் நடந்தார்' என்று எழுதினால், 'செருப்பை வேண்டாம் என்று கழற்றி வைத்துவிட்டு நடந்தார்' என்று ஆகிவிடும்.

நிறுவனர் என்பது மாமனாரின் தாத்தா. வீட்டுக் கதைப்படி அவர் தலைமுறை தலைமுறையாகப் புகையிலை போட்ட விவசாயி. ஊர்க் கதைப்படி வண்டிக்காரர். யாரோ விளைவித்த இலையை ஏற்றிக்கொண்டுபோய் யாரிடமோ இறக்கியவர். வண்டிக்கூலியைவிட இலையில் லாபம் அதிகம் என்று ஒருநாள் புரிந்துகொண்டவர். அதில் ஒரு கேவலமும் இல்லை. நான் அப்படியே எழுதினேன். வண்டி என்பது சுவரில் மாட்டுகிற படத்தில் எடுபடாது என்று மாமனார் அடித்துவிட்டார்.

அந்தச் சுவர்ப் படத்தில் நிறுவனர் கையைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்கிறார். பக்கத்தில் அவர் தோள் உயரத்துக்கு ஒரு புகையிலைச் செடி, உச்சியில் கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்புப் பூ. அந்தப் பூத்த செடிதான் கம்பெனியின் முத்திரை. டப்பாவில், வாசல் இரும்புக் கதவில், லாரியில், மாமனாரின் சட்டைப் பொத்தானில், விருந்தினர் குளியலறைத் தரையில்கூட அது உண்டு. இப்போது சட்டம் வந்துவிட்டதால் டப்பாவில் மேலே பூ, கீழே அழுகிய தொண்டையின் படம். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது போல ஒட்டிக்கொண்டு இருக்கின்றன.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. புகையிலையில் இலைக்குத்தான் விலை. மொட்டு தலை காட்டினவுடனே நுனியைக் கிள்ளி எறிந்துவிடுவார்கள். கிள்ளாமல் விட்டால் சத்தெல்லாம் மேலே ஏறிப் பூவாகிவிடும், இலை காகிதம் போல ஆகிவிடும். விதைக்காக ஓரத்தில் ஒன்றிரண்டு செடியை விட்டுவைப்பார்கள், அதோடு சரி. ஒரு தோட்டம் முழுக்கப் பூத்து நிற்கிறது என்றால், போட்டவன் சோம்பேறி, இல்லாவிட்டால் செத்துப்போய்விட்டான் என்று அர்த்தம். அதைத்தான் எங்கள் கம்பெனி நூறு வருஷமாக நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறது. யாரோ ஒரு படம் வரைகிறவர், பச்சை மட்டும் போட்டால் சப்பென்று இருக்கிறதே என்று பூ வைத்திருப்பார். நிறுவனருக்கும் அது தப்பாகத் தெரிந்திருக்காது. வண்டியில் ஏறுவது எப்போதும் இலைதானே.

எங்களுக்கு இலை விற்கிற விவசாயிகள் எங்களைப் 'பூக்கார கம்பெனி' என்று சொல்வார்கள். மாமனாருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. மக்கள் அன்போடு வைத்த பெயர் என்று ஓர் அத்தியாயத்துக்கே அதைத் தலைப்பாக்கச் சொன்னார். ஆக்கினேன். சோறு போடுகிற வீட்டில் எல்லாவற்றையும் வாய் திறந்து சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

நிறுவனர் ஒரு விதியையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். தலைவர் நாற்காலியில் உட்காரப் போகிறவர் அதற்கு முன் ஒரு பயிர் புகையிலையைத் தன் கையால் விளைவிக்க வேண்டும், அது கம்பெனியின் கொள்முதல் கூடத்தில் எல்லார் இலையோடும் சேர்ந்து தரம் பெற வேண்டும். இதற்கு நாற்காலிப் பயிர் என்று பெயர். விவசாயி வேஷம் கலைந்துவிடக்கூடாது என்று அவர் யோசித்திருக்கலாம். மாமனாரும் அந்தக் காலத்தில் நாற்காலிப் பயிர் போட்டவர்தான். மண்வெட்டி பிடித்தபடி ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு மலைவாசஸ்தலத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது ஆட்கள் விளைவித்து, அறுத்து, முதல் தரமும் வாங்கி வைத்திருந்தார்கள்.

நூற்றாண்டோடு மாமனார் நாற்காலியை விடுவதாக இருந்தார். இந்தமுறை அந்த ஏமாற்று நடக்கவில்லை. காரணம், நாற்காலி ஒன்று, போட்டிக்கு இரண்டு பேர்.

ஒருவர் என் மச்சான். வியாபாரப் படிப்பு படித்தவர், நல்ல மனுஷர், யாரைப் பார்த்தாலும் சிரிப்பார், எதைப் பார்த்தாலும் படம் எடுப்பார். நாற்காலி அவருக்குத்தான் என்று பிறந்தபோதே முடிவாகிவிட்டதால் அவர் ஆசைப்படக்கூட வேண்டியிருக்கவில்லை. இன்னொருத்தி என் மனைவி. அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும். வேறு எதையும் அவள் இந்த அளவுக்கு விரும்பி நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சின்ன வயதில் ஒருமுறை அதில் ஏறி உட்கார்ந்தபோது, பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு என்று இறக்கிவிட்டார்களாம். அண்ணன் அதே நாற்காலியில் சுற்றிச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்ததை ஓரமாக நின்று பார்த்தாளாம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவள் குரல் மாறும்.

விதியில் ஆண் என்றோ பெண் என்றோ இல்லை. அவள் அதை எடுத்துக்காட்டியதும் மாமனார் தாடையைத் தடவிக்கொண்டார். விளம்பரக்காரர்கள் குறுக்கே புகுந்து, அண்ணனும் தங்கையும் போட்டி போட்டு விளைவிக்கட்டும், நூற்றாண்டுக்குப் பிரமாதமான செய்தி என்றார்கள். ஆளுக்கு ஒரே அளவில் தோட்டம் பிரித்தாயிற்று. தங்கள் கையால்தான் எல்லாமும் செய்ய வேண்டும். யார் இலை மேல்தரமோ அவருக்கு நாற்காலி. மகள் எப்படியும் தோற்றுவிடுவாள், வீட்டில் மனத்தாங்கலும் தீர்ந்துவிடும் என்று மாமனார் கணக்குப் போட்டிருப்பார்.

என் மனைவி மறுநாளே மேட்டுக்காட்டக்காவிடம் போனாள். மேட்டில் தோட்டம் வைத்திருப்பதால் அந்த அம்மாவுக்கு அந்தப் பெயர். புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களோடு புகையிலை போட்டு வாழ்கிறவர், வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். முதலாளி வீட்டுப் பெண் வந்து வேலை கத்துக்கொடுங்க என்று நின்றதும், முதலில் சிரித்திருக்கிறார். பிறகு சேலையை இழுத்துச் செருகச் சொல்லிவிட்டு நாற்றங்காலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

விதை பொடிப்பொடியாக இருக்கும். மணலோடு கலந்துதான் தூவ வேண்டும். மச்சான் கலக்காமல் தூவி, காற்று பாதியைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் எப்படியோ நாற்று முளைத்தது, இரண்டு தோட்டமும் பச்சை கட்டியது. பிறகு மொட்டு வந்தது.

மொட்டைக் கிள்ள என் மனைவிக்குக் கை வரவில்லை. பிறந்ததிலிருந்து பொத்தானிலும் தரையிலும் பார்த்த பூ அல்லவா. அக்கா அவள் விரலைப் பிடித்து நுனியில் வைத்து, "பாவம் பார்த்தா பயிர் நிக்காதும்மா, கிள்ளு" என்று சொல்லியிருக்கிறார். முதல் செடியைக் கிள்ளிவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் அழுதாள். இரண்டாம் நாள் அழவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வோர் இலைக்கடியிலும் துளிர்க்கிற சிம்பை ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. புகையிலைப் பிசின் கையில் கறுப்பாக ஏறி எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. தட்டில் கை வைத்தால் சோறும் கசந்தது.

மச்சான் தோட்டம் பூத்துக் குலுங்கியது.

மாமனார் பார்வையிட வந்தார், நானும் கூடப் போனேன். மகன் தோட்டத்தின் முன் நின்றபோது அவர் கண் கலங்கிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. டப்பாவில் உள்ளது உள்ளபடி உயிர் பெற்று வரிசை வரிசையாக நின்றது. மச்சான் படம் எடுத்துத் தள்ளினார். பிறகு மாமனார் மகள் தோட்டத்துக்கு வந்தார். செடிகள் எல்லாம் தலையில்லாமல் குட்டையாக, முரட்டு இலையோடு நின்றன. "எங்க தாத்தாவோட செடிய மொட்டை அடிச்சு வச்சிருக்கியே, உனக்கு என்னம்மா கெடுதல் பண்ணேன்?" என்று கேட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் கேட்டார். வேலியோரம் நின்ற விவசாயிகள் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பை அடக்க அதுதான் வழி.

அடுத்து இலை ஒடிப்பு. பனி காயும் முன்னே என் மனைவி இறங்கிவிட்டாள். ஈர இலையை அணைத்து அணைத்து எடுத்தால் அதன் விஷம் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் என்பது புகையிலை போடுகிற எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தலை சுற்றி, குடம் குடமாக வாந்தி எடுத்துக்கொண்டு வந்து படுத்தாள். மாமியார் நெற்றி வழித்துத் திருஷ்டி கழித்து, வீடு முழுக்க இனிப்பு கொடுத்து, தொட்டில் எந்தப் பரணில் இருக்கிறது என்று தேட ஆள் அனுப்பிவிட்டார். மாமனார் என் தோளில் தட்டினார். இது புகையிலை மயக்கம் என்று நான் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. நூறு வருஷப் புகையிலைக் குடும்பத்துக்குப் புகையிலை தலையைச் சுற்றும் என்பது புதுச் செய்தி.

மறுநாள் பனி காய்ந்தபிறகு இறங்கினாள். இலையைச் சரம் கட்டிக் கொட்டகையில் தொங்கவிட்டாள், காய்ந்ததை அம்பாரமாக அடுக்கினாள், உள்ளே சூடு ஏறுகிறதா என்று கை விட்டுப் பார்த்து அடிமேலாகப் புரட்டி அடுக்கினாள். பாடம் போடுவது என்று இதைச் சொல்வார்கள். இலையின் காரமும் மணமும் இதில்தான் இறங்கும். மச்சான் காய்ந்த இலையை உச்சி வெயிலில் படம் எடுப்பதற்காக அள்ளித் தூக்கினார். அது அப்பளமாக நொறுங்கியது. அதையும் படம் எடுத்தார்.

தரம் போடுகிற நாளில் கொள்முதல் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. விவசாயிகள் எல்லாரும் வந்திருந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். கட்டுகளில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். தரம் பார்ப்பவர் எங்கள் சம்பளக்காரர். எந்தக் கட்டு யாருடையது என்று தெரியாததால் பாவம், அன்றைக்கு அவருக்கு நேர்மையைத் தவிர வேறு வழியில்லை. ஒரு கட்டைப் பிரித்தார், இலையை இழுத்துப் பார்த்தார், முகர்ந்தார், ஒரு துணுக்கை நாக்கில் வைத்தார். முதல் தரம் என்றார். இன்னொரு கட்டைப் பிரித்தார். வெளிச்சத்தில் பிடித்தார், அந்தப் பக்கம் நின்ற ஆள் முகம் தெரிந்தது. கழிவு, பூச்சிக்கு அடிக்கிற மருந்து காய்ச்ச ஆகும் என்றார்.

எண்ணைப் பார்த்தார்கள். கூடமே ஆர்ப்பரித்தது. நம்ம ஆளு ஜெயிச்சிட்டா என்று மேட்டுக்காட்டக்கா என் மனைவியைக் கட்டிக்கொண்டார். மாமனார் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பத்திரிகைக்காரர்கள் எதிரில் விதியை மாற்றிச் சொல்ல அவரால் முடியவில்லை. மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்தார். மச்சானுக்கு அதில் வருத்தமே இல்லை. விளம்பரப் பிரிவை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார். அவர் தோட்டத்துப் பூப்படம்தான் நூற்றாண்டு டப்பாவில் வந்தது.

இதோடு புத்தகத்தை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த கொள்முதல் வந்தது.

மாமனார் காலத்தில் கொள்முதல் ஒரு சம்பிரதாயம். அவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிவருவார், மேலாக இருக்கிற நாலு இலையைப் பார்த்து பேஷ் என்பார். தரம் பார்ப்பவரும் அந்த நாலு இலையோடு நிறுத்திக்கொள்வார், அவருக்கும் விவசாயிகளுக்குள் சம்பந்தி வீடு உண்டு. கட்டின் நடுவில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. மண் படிந்த அடியிலை இருக்கும், எடைக்காகத் தெளித்த தண்ணீர் இருக்கும். எல்லாம் மேல்தரத்தில் போய்விடும். விவசாயிகள் பூக்கார கம்பெனி என்று கேலி செய்தாலும், அந்தப் பூ வாடிவிடக்கூடாது என்றுதான் எல்லாரும் வேண்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

என் மனைவி நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. கூடத்தில் இறங்கி, முதல் கட்டின் கயிற்றை அறுக்கச் சொன்னாள். நடுவில் கை விட்டு ஒரு பிடி இலையை உருவி விரலில் தேய்த்தாள். இரண்டாம் தரம். அடுத்தது. மூன்றாம் தரம். அவளுக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரியும் என்று கேட்க வேண்டியதில்லை. அக்கா வீட்டுக் கொட்டகையில் அவர்களோடு காலை நீட்டி உட்கார்ந்து கட்டுக் கட்டப் பழகினவள். நம்ம பொண்ணுதானே என்று அவள் எதிரிலேயே அடியிலையை நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு முதல் தரம் என்று போனவற்றை விரல் விட்டு எண்ணலாம். வரிசையில் நின்ற ஒருவர் என் பக்கம் சாய்ந்து, தம்பி வந்து உட்கார இனி வழியே இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். மச்சானைத்தான் சொன்னார்.

மேட்டுக்காட்டக்காவின் கட்டு வந்தது. அவள் தயங்குவாள் என்று நினைத்தேன். தயங்கவில்லை. நடுவில் கை விட்டாள், அடியிலையை எடுத்து மேலே போட்டாள். மூன்றாம் தரம் என்றாள். அக்கா கத்தவில்லை.

"நடுவுல வச்சது நான்தான், இல்லைங்கல. விலைய நீங்க குறைச்சு எடுப்பீங்க, கட்டுல நாங்க சரிக்கட்டிக்குவோம். ரெண்டு பக்கமும் தெரிஞ்சுதான் இத்தனை நாள் ஓடுச்சு. எங்க பக்கத்த அடைச்சிட்ட. உங்க பக்கம் என்னம்மா?"

"விலைய போர்டுதான் முடிவு பண்ணும், அக்கா. தரம் மட்டும்தான் என் கையில."

போர்டுக்குத் தலைவி யார் என்று அந்தக் கூடத்தில் தெரியாதவர்கள் இல்லை. அக்கா குனிந்து, சிதறிக் கிடந்த இலையைப் பொறுக்கிக் கட்டி, மூன்றாம் தர வரிசையில் போய் நின்றார். திருப்பிக் கொண்டுபோகலாம்தான், அதை வாங்க வேறு கம்பெனி வேண்டுமே.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கலாமே, உன்னால் முடியுமே என்றேன். அவள் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரிச் சொன்னாள்:

"அப்பா காலத்துல இந்த விலைக்குப் பாதி குப்பைதான் வந்துச்சு. இப்ப அதே விலைக்கு முழுசும் நல்ல இலை வரப்போகுது. இதுல நான் எதுக்குங்க கை வைக்கணும்?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தப் பெண்ணுக்கு நாற்காலி கிடைக்க வேண்டும் என்று நான் வேண்டாத நாளில்லை. கிடைத்துவிட்டது. எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.